தாளில் திறந்த சாளரங்கள்

வீடு கட்டும் இடத்திலே கொத்தனாரும் மேற்பார்வையாளரும் ஒரு பெரிய தாளை விரித்துவைத்து உரையாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தாளின் ஒரு மூலையில் மனை முழுவதும் சிறிதாகத் தோன்றும். நடுவில் தரைத்தளம் பெரிதாகத் தோன்றும். மற்றொரு புறத்தில் மாடிப்படி மட்டும் மிகப் பெரிதாக விளங்கும். வீடு ஒன்றே, தோற்றங்களோ பல. ஒவ்வொன்றின் அடியிலும் 1:100, 1:50, 1:20 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வெண்களை நம்பியே செங்கல் அடுக்கப்படுகிறது, கம்பி வெட்டப்படுகிறது. இத்தகைய தாள் கணிப்பொறியில் எவ்வாறு உருவாகின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

முற்காலத்து வரைவாளர் சாய்ந்த பலகையில் தாளைப் பொருத்தி, மூலைமட்டமும் கவராயமும் கொண்டு வரைந்தார். 12 மீட்டர் நீளமுள்ள வீட்டை 1:50 என்னும் அளவுவிகிதத்தில் காட்ட வேண்டுமாயின், அந்நீளத்தை ஐம்பதால் வகுத்து 240 மில்லிமீட்டர்க் கோடாக இழுப்பார். அதே வீட்டை 1:100 இல் காட்ட வேண்டுமெனில், மீண்டும் முதலிலிருந்து வரைவார். வீட்டுக்குரியவர் வந்து, "சமையலறைச் சுவரைச் சற்றுத் தள்ளி வையுங்கள்" என்று கூறிவிட்டால், அச்சுவர் தோன்றும் இடமெல்லாம் சுரண்டித் திருத்துதல் வேண்டும். நான்கு படங்களில் மூன்றைத் திருத்தி ஒன்றை மறந்துவிட்டால், ஒரே தாளில் இரண்டு வீடுகள் நின்றுவிடும். அவற்றுள் எதனைக் கட்டுவது?

கணிப்பொறித் திரையில் கோடு வரையும் கலைக்கு வழிகாட்டியவர் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்கர். அவர் 1963 ஆம் ஆண்டில், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, ஸ்கெட்ச்பேட் என்னும் முறையை அமைத்தார். ஒளிப்பேனாவால் திரையில் வரையலாம். குமிழ்களைத் திருகினால் படம் பெரிதாகும், சிறிதாகும். திரை சிறிது, படம் பெரிது. ஆகவே திரையே படத்தைக் காட்டும் ஒரு சாளரமாயிற்று. பின்னர், 1982 ஆம் ஆண்டில் ஆட்டோகேட் என்னும் மென்பொருள் தோன்றி, சிறிய கணிப்பொறிகளிலும் வரைதலை எளிதாக்கிற்று. 1990 இல் வந்த அதன் 11 ஆம் வெளியீட்டில்தான் நாம் கருதும் சாளரம் தாளுக்கு வந்து சேர்ந்தது.

இம்மென்பொருளில் இரண்டு வெளிகள் உண்டு. ஒன்று பொருள்வெளி, மற்றொன்று தாள்வெளி. பொருள்வெளியில் வீடு உள்ளது உள்ளபடியே, முழு அளவில் வரையப்படும். 12 மீட்டர்ச் சுவர் 12,000 மில்லிமீட்டர்க் கோடாகவே நிற்கும். வகுத்தற் கணக்கு அங்கு இல்லை. தாள்வெளியோ அச்சிடப்போகும் தாளின் அளவே உடையது. ஏ1 தாளாயின் 841 மில்லிமீட்டர் நீளமும் 594 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. இவ்விரண்டு வெளிகளையும் இணைப்பதே வியூபோர்ட். தாளில் ஒரு கட்டம் போட்டால், அக்கட்டத்தின் வழியே அப்பால் உள்ள வீடு தெரியும்.

இதனைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம்? சாளரம் எனலாம். காலதர் என்பது பழஞ்சொல். காற்று வரும் வழி என்பது அதன் பொருளாதலின் இங்குப் பொருந்தாது. பலகணி என்பதோ பல கண்களை உடையது எனப் பொருள்படுவது. ஒரு தாளில் பல கட்டங்கள் திறந்திருத்தலின் அச்சொல் அழகாகவே இருக்கும். எனினும் எளிமை கருதிச் சாளரம் என்றே கொள்வோம்.

ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி அளவுவிகிதம் கொடுக்கலாம். 1:100 இல் அவ்வீடு 120 மில்லிமீட்டர் நீளத்தில் அடங்கும். 1:20 இல் 3 மீட்டர் நீள மாடிப்படி 150 மில்லிமீட்டராக விரியும். சமையலறைச் சுவரைப் பொருள்வெளியில் ஒருமுறை நகர்த்தினால், அது தெரியும் சாளரங்கள் அனைத்திலும் நகர்ந்துவிடும். மேலும், சுவர், மின்கம்பி, தண்ணீர்க் குழாய் முதலியவை தனித்தனி அடுக்குகளாக வரையப்பட்டிருக்குமாயின், ஒரு சாளரத்தில் மின்கம்பியை மட்டும் மறைத்து, மற்றொன்றில் தோன்றச் செய்யலாம். வீடு மாறுவதில்லை, காட்சியே மாறுகின்றது.

இனி, இதில் உள்ள ஓர் இடரைக் கூறுதல் வேண்டும். சாளரத்தின் உள்ளே இருமுறை சொடுக்கினால், அதன் வழியே பொருள்வெளிக்குள் புகுந்துவிடுகின்றோம். அந்நிலையில் சுட்டியின் சக்கரத்தை விரல் சற்றே உருட்டினாலும், காட்சி பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிவிடும். 1:50 ஆக இருந்தது 1:48 ஆகிவிட்டது என்று கொள்வோம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அடியில் தனியே எழுதிய 1:50 என்னும் எழுத்தும் மாறாது. 3,000 மில்லிமீட்டர் அகலமுள்ள அறை தாளில் 60 மில்லிமீட்டராக இருத்தற்கு மாறாக 62.5 மில்லிமீட்டராக இருக்கும். கொத்தனார் அளவுகோலை வைத்து அளந்து ஐம்பதால் பெருக்கினால் 3,125 கிடைக்கும். 125 மில்லிமீட்டர் பிழை! அறைக்கென அளந்து செய்த உத்திரம் எட்டாமற் போக இது போதாதா? படத்தில் எழுதிய அளவையே கொள்க, அளந்து கொள்ளற்க என்று தாள்களில் குறிப்பது வழக்கம்; ஆயினும் எழுத மறந்த அளவை அளந்தே கொள்ளும் நிலை களத்தில் நேர்வதுண்டு. ஆதலின் அளவுவிகிதத்தை அமைத்தவுடன் சாளரத்தைப் பூட்டிவிடுதல் வேண்டும். அதற்கென்றே பூட்டு ஒன்று மென்பொருளில் உள்ளது. பூட்டிய பின் சக்கரத்தை உருட்டினால் தாளும் படமும் சேர்ந்தே பெரிதாகும், விகிதம் குலையாது.

அலகிலும் கருத்து வேண்டும். வீட்டை மீட்டரில் வரைந்து, தாளை மில்லிமீட்டரில் வைத்து, சாளரத்துக்கு 1:50 என்று கொடுத்தால், 12 அலகு நீளமுள்ள வீடு கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த புள்ளியாய்ச் சுருங்கிவிடும். படம் காணாமற் போயிற்று என்று மாணவர் கலங்குவர். அங்குக் கொடுக்க வேண்டியது 20:1 ஆகும்; ஒரு மீட்டரில் உள்ள 1,000 மில்லிமீட்டரை ஐம்பதால் வகுத்தால் இருபது வருதலின்.

சாளரத்தின் சட்டமும் ஒரு கோடே. அது தாளில் பதியாதிருக்க, அச்சில் வாராத அடுக்கில் அதனை வைப்பர்.

அச்சிடும்போது தாள்வெளியை 1:1 ஆகவே அச்சிடுதல் முறை. செலவு கருதி ஏ1 தாளை ஏ3 தாளில் அடக்கி எடுப்போரும் உளர். ஏ3 தாளின் நீள அகலங்கள் ஏ1 தாளினவற்றில் பாதி. ஆகவே 1:50 என்று எழுதிய படம் உண்மையில் 1:100 ஆகிவிடும், எழுத்து மட்டும் பழைய எண்ணையே கூறி நிற்கும். இதனை அறிந்த வரைவாளர், எண்ணோடு அமையாது, 1 மீட்டர், 2 மீட்டர், 5 மீட்டர் எனப் பகுத்த அளவைக்கோடு ஒன்றையும் படத்தின் அடியில் வரைந்துவைப்பர். தாள் சுருங்கும்போது அக்கோடும் உடன் சுருங்கும்.