செம்பனைத் தோட்டத்தில் உருவான நாவலாசிரியர்

பின்வரும் பனுவலை வாசித்திடுக. தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடையளித்திடுக.

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமாரம் தோட்டம் உள்ளது. ‘தென்னைமரம்’ என்னும் தமிழ்ச்சொல் அப்பெயரில் ஒலிக்கிறது. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இங்குதான் உருவானது. அதை உருவாக்கியவர் ஹென்றி ஃபோகோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் பரிசு பெற்ற நாவலாசிரியரும் ஆவார்.

ஃபோகோன்னியே 1879இல் பிரான்சின் பார்பெசியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். சில காலம் இங்கிலாந்தில் ஆசிரியராகப் பணியாற்றிய பின், 1905இல் மலாயாவுக்கு வந்தார். கிள்ளான் அருகே ஒரு தோட்டத் துரையிடம் தொழில் பழகியபோது மலாய், தமிழ் ஆகிய மொழிகளையும் கற்றுக்கொண்டார். தோட்டத் தொழிலாளர்களிடம் வேலை வாங்க அம்மொழிகள் அவருக்குத் தேவைப்பட்டன. பின்னர், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பெற்று ரப்பர் பயிரிட்டார். அங்குத் தாம் கட்டிய வீட்டிற்குப் ‘பனைகளின் இல்லம்’ எனப் பெயரிட்டார். 1911இல், சுமத்ராவிலிருந்து கிடைத்த செம்பனை விதைகளை அங்கேயே சோதனையாக நட்டார்.

முதல் உலகப் போர் மூண்டதும் அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். பின்னாளில் துனீசியாவில் குடியேறி, தம் மலாயா அனுபவங்களை ‘மலேசி’ என்னும் நாவலாக எழுதினார். 1930இல் வெளிவந்த அந்நாவல், பிரான்சின் புகழ்மிக்க கோன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஃபோகோன்னியே 1973இல் காலமானார்.

நாவலின் கதையை லெஸ்கால் என்னும் பிரெஞ்சு இளைஞன் கூறுகிறான். காடும் மழையும் மலாய்ப் பந்துன்களும் அதில் நிறைந்துள்ளன. தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வருகின்றனர். எனினும், அவர்களை நாம் துரைமார்களின் கண்கள் வழியாகவே காண்கிறோம். காட்டை வெட்டியவர்களும் விடியலில் பால்மரம் சீவியவர்களும் தங்களுக்குள் என்ன எண்ணினர்? அதை அவர்களே சொல்லும் வாய்ப்பு அந்நாவலில் இல்லை.

பிற்காலத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இக்குறையை நிறைவு செய்ய முனைந்தனர். ஜப்பானியர் ஆட்சியில் தண்டவாளம் போடக் கொண்டு செல்லப்பட்டவர்களின் துயரை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ காட்டியது. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ சிலாங்கூர்த் தமிழர்களின் வாழ்க்கையைக் களமாகக் கொண்டது.

ஒரே தோட்டம் துரை பங்களாவிலிருந்து பார்த்தால் ஒரு விதமாகவும் லயத்து வாசலிலிருந்து பார்த்தால் வேறு விதமாகவும் தோன்றும். இரண்டையும் படிப்பவருக்கே வரலாறு தெளிவாகும். லயத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதி வைக்காவிட்டால், அந்த வாசலில் நின்று பார்த்த காட்சிகள் அவர்களோடு மறைந்துவிடும்.

சொற்பொருள்

செம்பனை – எண்ணெய் தரும் பனை வகை
லயம் – தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
பந்துன் – நான்கடி மலாய்ச் செய்யுள்

வினாக்கள்

1. ஃபோகோன்னியே தமிழும் மலாயும் கற்றதற்கான காரணம் யாது?
2. ‘துரைமார்களின் கண்கள் வழியாகவே காண்கிறோம்’ என்பதன் கருத்தை விளக்குக.
3. தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் நீ கேட்க விரும்பும் மூன்று கேள்விகளை எழுதுக.