ஆராய்ச்சிப் படிப்புக்கு மாதாமாதம் உதவித்தொகை



பயர் ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய், குழுவில் உள்கடன் வாங்கி மகளைப் படிக்க வைத்த தாய்மார் நம்மில் நிறையப் பேர். மகள் எம்.எஸ்சி. முடித்ததும், "இதுக்கு மேல படிக்க வைக்க எங்கிட்ட என்ன இருக்கு? மாப்பிள்ளை பாத்திருவோம்" என்கிறோம். அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு (பிஎச்.டி.) ஆராய்ச்சி செய்யும் மாணவிக்கு அரசே மாதாமாதம் பணம் தருகிறது என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

எவ்வளவு கிடைக்கும்?

சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராக (ஜே.ஆர்.எஃப்.) தேர்வானால், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37,000. பிறகு ரூ.42,000. விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம்.

யார் எழுதலாம்?

வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் படித்தவர்கள். எம்.எஸ்சி. கடைசி ஆண்டிலேயே எழுதலாம். பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டு சலுகை உண்டு. வினாத்தாள் தமிழில் இருக்காது. அதனால் முதல் ஆண்டிலேயே படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது

பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு நம் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

தகுதி விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அன்னா மணி அம்மையாரின் வாழ்க்கையே சாட்சி. 1940இல் உதவித்தொகை பெற்று, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1945இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்தார். பிறகு இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார்.

வேறு வழிகளும் உண்டு

1. வீட்டில் ஒரே பெண் பிள்ளையா? பிஎச்.டி.யில் சேர்ந்தபின் யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் புலே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

2. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுப்பார்கள். அவர்கள் இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

3. பட்டம் படிக்கும்போதே, பெங்களூர் இந்திய அறிவியல் அகாதமியின் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு முயலலாம்.

"பணம் கொடுங்க, வாங்கித் தாரேன்" என்று வருபவரை நம்பாதீர்கள். தேர்வுக் கட்டணம் தவிர யாருக்கும் பணம் தரத் தேவையில்லை.

நமக்கு இதில் என்ன?

2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் கூடாது என்றதும் நம் பிழைப்பே ஆடிப்போனது. பசுமைப் பட்டாசுக்கு வழி கண்டவர்கள் நாக்பூர் நீரி ஆய்வகத்து விஞ்ஞானிகள். மருந்து வாசனையோடு வளர்ந்த நம் பிள்ளைகளும் அப்படிப்பட்ட ஆய்வகங்களுக்குப் போக வேண்டாமா?

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

– எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளின் பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

– தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் உள்கடனில் முன்னுரிமை தரலாமா என்று பேசி முடிவு செய்யுங்கள்.