அடைக்கு உட்காராத கோழி

அன்புள்ள யாழினிக்கு,

கொல்கத்தா வீட்டுப் பின்கட்டு முற்றத்தில் கோழி வளர்க்க வீட்டுக்காரம்மா சம்மதித்துவிட்டார் என்று நீ எழுதிய கடிதத்தை உன் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். வெள்ளை லெகார்ன்தான் வேண்டும் என்று உறுதியாக எழுதியிருக்கிறாய். நல்ல தேர்வுதான். ஆனால் உங்கள் பாட்டி வீட்டில் நீ பார்த்த நாட்டுக்கோழியை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாங்காதே. இது வேறு சுபாவம்.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும், அப்புறம் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதன்பின் குஞ்சுகளோடு இரண்டு மாதம். இப்படியே வருடம் ஓடினால் 50, 60 முட்டைதான். லெகார்ன் அடைக்கே உட்காராது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இந்த இனத்தில், அடைக்கு உட்காரும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்தே வளர்த்தார்கள். குஞ்சுக்குச் செலவழித்த நாளெல்லாம் முட்டைக்குத் திரும்பியது. முற்றத்தில் வளர்த்தாலே வருடத்துக்கு 200க்கு மேல் தரும். நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் 300ஐத் தாண்டும் வெள்ளைக் கோழிகளும் இதே வம்சம்தான். அதன் தாய்மையை மனிதன் எடுத்துக்கொண்டான், யாழினி. அந்த வேலையை நீ செய்தாக வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

மத்தியதரைக்கடல் கோழிகள் ஒரு குடும்பம். கறுப்பு மினார்க்கா, வெள்ளைப் புள்ளி தெறித்த அங்கோனா, நீல நிற அண்டலூசியன் எல்லாம் லெகார்னின் உறவுதான். மெலிந்த உடல், பெரிய கொண்டை, வெள்ளைக் காதுமடல், வெள்ளை முட்டை, சட்டென்று மிரளும் குணம் ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. நீல அண்டலூசியனைப் பற்றி உன் உயிரியல் ஆசிரியர் சொல்லியிருக்கக்கூடும். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் பாதிதான் நீலமாகப் பிறக்கும், கால்வாசி கறுப்பு, மீதிக் கால்வாசி சாம்பல் தெறித்த வெள்ளை. நம் நாட்டில் இவற்றில் வேரூன்றியது லெகார்ன் ஒன்றே. நூறாண்டுக்கு முன்பே உத்தரப் பிரதேசத்து எட்டாவிலும், நம் காட்பாடியில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பண்ணையிலும் லெகார்ன் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்த்து, கிராமத்துக் கோழியின் முட்டையைப் பெருக்கப் பாடுபட்டார்கள்.

குஞ்சு வாங்கக் கடைத்தெருக் கூடைகள் பக்கம் போகாதே. பல ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் நெருங்கியிருக்கும் இடத்தில் பல ஊர் நோயும் இருக்கும். டாலிகஞ்சில் மாநில அரசின் கோழிப்பண்ணை இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் கொஞ்ச நேரம்தான். என்ன இனம், எப்போது கிடைக்கும் என்று அப்பாவோடு போய் விசாரித்து வை. ஆறு பெட்டை போதும். சேவல் வேண்டாம், சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும். விடியற்காலை நான்கு மணிக் கூவலுக்கு அந்தச் சந்து முழுவதும் உன் மேல் கோபப்படும்.

சரஸ்வதி பூஜை முடிந்த கையோடு குஞ்சுகளை இறக்கு. தாயின் இறக்கைக்குப் பதில் ஒரு பல்பு. முதல் வாரம் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி சூடு இருக்கட்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வா. வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பது மேல். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. பிப்ரவரியில் இறக்கினால் மழைக்கு முன் இறகு முளைத்துத் தேறிவிடும். ஐந்தாம் மாதம் முட்டை தொடங்கும், துர்கா பூஜைக்குள் முழு வீச்சில் இருக்கும்.

உன் ஊரில் உண்மையான பகை வெயில் இல்லை, புழுக்கம். இந்தக் கோழியின் பூர்வீகத்தில் கோடையில் மழை அரிது. கொல்கத்தாவில் ஜூனில் மழை இறங்கினால் துணியே காயாது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்து ஈரத்தை வெளியேற்றித்தான் உடம்பைக் குளிர்விக்கும். காற்றே ஈரமாக இருந்தால் அது பலிக்காது. இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்கான சுண்ணாம்புக் கூட்டும் தட்டுப்பாடாகும். மே மாதத்து முட்டை கையில் எடுத்தாலே நொறுங்குவது இதனால்தான். நாமக்கல்லில் வெயிலுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள், அங்கே காற்று வறண்டது, பலன் உண்டு. உன் முற்றத்தில் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். நான்கு பக்கமும் மாடி எழும்பிய பவானிபூர் முற்றத்தில் காற்று தானாக வராது. கூண்டின் இரண்டு எதிர்ப் பக்கமும் கம்பிவலையாக இருக்கட்டும். புழுக்க மாதங்களில் மட்டும் ஒரு சின்ன மேஜை விசிறி வை. தீனியை விடியற்காலையும் சாயங்காலமும் போடு. செரிமானமும் சூடு கிளப்பும், நடுப்பகலில் வேண்டாம். மண்பானைத் தண்ணீரை மதியம் ஒருமுறை மாற்று. கொண்டையைத் தொட்டுப் பார், மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும். உடம்பின் வெப்பத்தை அது கொண்டை வழியாகத்தான் இறக்குகிறது. பெட்டையின் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து விழுவதை நோய் என்று நினைத்துப் பயப்படாதே, இந்த இனத்துக்கு அதுதான் லட்சணம்.

தரையில் உமி பரப்பு, நாள்தோறும் கிளறிவிடு. ஈரமான உமியில்தான் ரத்தக்கழிச்சல் பரவும். நனைந்ததை அன்றே அள்ளி வெளியே போடு.

ஓட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகும், பெரும்பகுதி இரவில். ஒவ்வொரு ஓட்டிலும் சுமார் இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. வயிற்றில் இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கட்டும், தீர்ந்தால் கோழி நொண்டும். ஆகவே முட்டைக்கோழித் தீவனம் ஒரு கோழிக்கு நாளுக்கு 110 கிராம் கொடுப்பதோடு, தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூளைச் சாயங்காலம் வை. வேண்டிய அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். வங்காளத்தில் கிளிஞ்சலுக்கும் குளத்து நத்தை ஓட்டுக்கும் குறைவில்லை. கழுவி, வறுத்து, கல் உப்பு அளவுக்கு இடித்துக்கொள். மாவாக இடிக்காதே, சற்றுப் பெரிய துண்டுதான் இரவு முழுக்க வயிற்றில் தங்கிக் கரையும். ஜகுபாபு பஜாரில் காலிஃபிளவர் இலையைச் சும்மாவே கொடுப்பார்கள், கட்டித் தொங்கவிடு. கொத்துவதற்கு வேலை கிடைத்தால் ஒன்றையொன்று கொத்தாது.

எந்தக் கோழி இடுகிறது, எது சும்மா இருக்கிறது என்று ஆசனவாயின் ஓரமும் காலும் சொல்லும். லெகார்னுக்குப் பிறவியில் தோலும் காலும் மஞ்சள். இடத் தொடங்கியதும் தீனியின் மஞ்சளெல்லாம் கருவுக்குப் போய்விடும், தோலுக்கு மிஞ்சாது. முதலில் ஆசனவாய் ஓரம் வெளுக்கும், அடுத்துக் கண் வளையம், அப்புறம் காதுமடல், அலகு அடியிலிருந்து நுனி வரை, கடைசியாகக் கால். கால் வெள்ளையாக இருந்தால் பல மாதம் ஓயாமல் இட்டிருக்கிறது என்று பொருள். நிறுத்தினால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பும். பகலில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து நோட்டில் குறித்து வா.

கொல்கத்தாவில் ஜூனில் பகல் 13½ மணி நேரம், டிசம்பரில் 10 மணி 45 நிமிடம்தான். வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். பல்பு போட்டு 14 மணி நேரமாக நீட்டலாம், பண்ணைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நீ செய்யாதே. அது இறகு உதிர்த்துப் புது இறகு கட்டும் காலம், ஓய்வெடுக்கட்டும். வீட்டுக்கு வேண்டிய முட்டை அப்போதும் கிடைக்கும்.

நோய்க்கு வருவோம். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் தோலுக்கடியில் ஊசி. அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. எது எந்த நாளில் என்று பெல்காச்சியா கால்நடைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள். 2008 ஜனவரியில் பீர்பூம் மாவட்டத்து மார்கிராமில் தொடங்கிய பறவைக் காய்ச்சலால் வங்காளத்தில் லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க நேர்ந்தது, பாதிக்கப்பட்டவர்களில் முற்றத்தில் நாலைந்து வைத்திருந்த ஏழைகள் ஏராளம். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி திடீரென்று செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடு.

இரவில் பெருச்சாளியும் மரநாயும் வரும். பழைய வீடுகளின் பரணில் மரநாய் குடியிருப்பது அங்கே சகஜம். கோழி வலையைவிடக் கெட்டியான கம்பிவலையை அடித்து, தரைக்குக் கீழே ஒரு சாண் புதை. லெகார்ன் பறக்கும், ஆள் உயரச் சுவர் அதற்குப் பொருட்டில்லை. ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் நறுக்கினால் சமநிலை தப்பி ஏற முடியாது. ரத்தம் வராது, வலிக்காது. காளி பூஜை இரவு பட்டாசுக்கு முன்பே கூண்டைச் சாக்கால் மூடி விளக்கணைத்து, நீ பக்கத்தில் இரு. மிரண்டால் மூலையில் குவிந்து மிதிபட்டே செத்துவிடும்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு முட்டை குறையும். அப்போது என்ன செய்வது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள், பெயர் வைத்த பிறகு பேசுவது கடினம். அடுத்த தலைமுறை வேண்டுமானால் பண்ணையிலிருந்து கருவுற்ற முட்டை வாங்கி, அடைக்கு வந்த நாட்டுக்கோழி ஒன்றின் கீழ் வை. அசில் இனப் பெட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, அடைக்கு அதற்கு நிகரில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் மேல் முட்டையை வைத்துப் பார். ஓடு வெள்ளை என்பதால் உள்ளே நன்றாகத் தெரியும். ரத்த நாளங்கள் சிலந்தி வலையாகப் பரந்திருந்தால் உயிர் இருக்கிறது, வெறும் வெளிச்சமாக இருந்தால் எடுத்துவிடு. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு எதையும் தொடாதே.

அன்புடன்,
மாமா