திருமலையில் அடைக்கலம் புகுந்த அரங்கன்

அன்புள்ள மீனாட்சிக்கு,

1323ஆம் ஆண்டு உலூக் கான் தலைமையில் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியது. கருவறையில் பள்ளிகொண்ட மூலவரை அசைக்க முடியாது. ஆகவே சந்நிதியை மறைத்துச் சுவர் எழுப்பினார்கள். உற்சவரான அழகிய மணவாளரோ வீதியுலா வந்து பழகியவர். பிள்ளை லோகாசாரியர் ஒரு சிறு கூட்டத்தோடு அவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். ஸ்ரீவசன பூஷணம் அருளிய அந்த ஆசாரியர் திரும்பி வரவேயில்லை; மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். யானைமலைப் பக்கத்துக் கொடிக்குளமே அவ்வூர் என்பர். வேதாந்த தேசிகரும் அதே குழப்பத்தில் திருவரங்கத்தை விட்டுக் கன்னட நாட்டுச் சத்தியமங்கலத்துக்குப் போனார். அரங்கன் தன் ஊருக்குத் திரும்ப வேண்டி அவர் பாடியதே அபீதிஸ்தவம்.

லோகாசாரியரோடு சென்றவர்கள் பெருமாளை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கலைந்து போகவில்லை. மலையாள நாடு, மேல்கோட்டை என்று சுற்றிக் கடைசியில் திருமலை ஏறினார்கள் என்கிறது திருவரங்கக் கோயில் வரலாறான கோயிலொழுகு.

கோயிலை இழந்த வேறொரு மக்களோடு இவர்களை ஒப்பிட்டுப் பார். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயம் எரிந்தபோது யூதர் நிலை வேறு. எசேக்கியேல் தீர்க்கதரிசி பாபிலோனில், கேபார் ஆற்றங்கரையில், நாடு கடத்தப்பட்டவர்களோடு வாழ்ந்தார். இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியாவை அவர் மக்களே எகிப்துக்கு இழுத்துச் சென்றார்கள். கோயிலும் பலியும் இல்லாமல் வழிபடும் வழியை அவர்கள் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. திருவரங்கத்தார் தங்கள் கோயிலின் உயிரைத் தோளில் சுமந்து போனார்கள். திருமஞ்சனமும் தளிகையும் ஆராதனமும் போகிற இடத்தில் நடக்க வேண்டும். அந்த அன்றாடக் கடமையே அவர்களைக் கட்டிக்காத்தது எனலாம்.

திருமலை அவர்களுக்கு முற்றிலும் அந்நியமன்று. ஆழ்வார்கள் அரங்கத்தைப் பாடிய அதே வாயால் வேங்கடத்தையும் பாடியிருக்கிறார்கள். ஆனாலும் வேறுபாடு இருந்தது. திருவரங்கத்தில் பாஞ்சராத்திரப் பூசை முறை, திருமலையில் வைகானசம். ஒரு கோயில் தன் மதிலுக்குள் இன்னொரு கோயிலின் பெருமாளுக்கு இடம் கொடுத்து, அவருடைய பூசையும் நடக்க விட்டது பெரிய மனம். சம்பங்கிப் பிரதட்சிணம் என்ற திருச்சுற்றின் தென்கிழக்கு மூலையில் உள்ள ரங்கநாயக மண்டபமே அரங்கன் தங்கிய இடம் என்பது திருமலை வழக்கு. அதைக் கட்டியவர் அப்பகுதியை ஆண்ட சிற்றரசர் ஸ்ரீரங்கநாத யாதவராயர் என்றும் சொல்வார்கள்.

விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரைச் சுல்தான்களை வென்ற பிறகே திரும்பும் வழி திறந்தது. அவருடைய அதிகாரி கோபணாரியர் திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். அஞ்சனாத்திரி என்னும் திருமலையிலிருந்து அவரைக் கொணர்ந்த செய்தியைத் திருவரங்கத்து வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது.

இடையில் 48 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இறந்துபோயிருந்தார்கள். அவர் இடத்தில் வேறொரு திருமேனியும் இருந்தது. கோயிலுக்கு ஈரவாடை துவைத்துவந்த கண் தெரியாத முதியவர் ஒருவர், இரு திருமேனிகளின் திருமஞ்சன ஈரவாடையையும் பிழிந்து பருகி, வாசனையால் இவரே நம்பெருமாள் என்று அறிந்து சொன்னார் என்பது மரபு. பட்டர்களும் ஆசாரியர்களும் நிறைந்த ஊரில் அந்தத் தொழிலாளியின் சொல்லே தீர்ப்பானது. அன்றுமுதல் நம்பெருமாள் என்பதே அவர் பெயர்.

திருப்பதிப் பக்கம் அடைக்கலமாக வந்த பெருமாள்கள் எல்லோரும் திரும்பிவிடவில்லை. அரங்கன் திருமலைக்கு வருவதற்கு இரு நூற்றாண்டு முன்பே, சோழர் காலத்தில் சிதம்பரத்திலிருந்து அகற்றப்பட்ட கோவிந்தராசரை இராமானுசர் கீழ்த் திருப்பதியில் பிரதிஷ்டை செய்தார் என்பது வைணவ வரலாறு. 1539இல் அச்சுதராயர் சிதம்பரத்தில் கோவிந்தராசரை மறுபடி நிலைநிறுத்தினார். திருப்பதிக் கோவிந்தராசர் திருப்பதியிலேயே இருந்துவிட்டார். அவரைச் சுற்றி மாடவீதிகளும் ஊரும் வளர்ந்தன.

அன்புடன்,
பெரியப்பா