அடையாற்று உப்பங்கழியும் ஒரு குறிப்பேடும்



சென்னையில் அடையாறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்பாக, அதன் ஒரு கிளை வடக்கே வளைந்து குயிபிள் தீவை ஒட்டி ஊருக்குள் நுழைகிறது. அதுதான் அடையாற்று உப்பங்கழி. அதன் கரையில் 58 ஏக்கர் பரப்புள்ள தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறக்கப்பட்டது. முன்பு அங்கே கட்டட இடிபாடுகளும் குப்பையும் குவிந்து கிடந்தன. அவற்றை அள்ளி, நீர்ப்பரப்பைத் தோண்டி, இந்தக் கடற்கரைக்கு உரிய மரஞ்செடிகளை நட்டு அந்த நிலத்தை மீட்டார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்து உப்பங்கழியைப் படிக்கும் இடம் அது.

உப்பங்கழியின் நீர் நேரத்துக்கு நேரம் மாறும். கடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி வற்றுகிறது. ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வருகிறது. வற்றத்தில் ஆற்றுநீரும் சாக்கடை நீரும் மேலோங்குகின்றன. ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், நாளையும் மணியையும் மட்டும் குறித்தால் போதாது. அளந்த வேளை ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதினால்தான் அந்தக் குறிப்பு பிறகு பயன்படும். கோடையில் ஆற்றில் நீரோட்டம் குறைகிறது; அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. கடல்நீர் உள்ளே வர வழியில்லாமல் கழி தேங்கி நாறும். ஐப்பசி, கார்த்திகை மழைவெள்ளம் அந்த மணலை உடைத்துக்கொண்டு போகும்.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன்தான் முதலில் பார்க்க வேண்டிய அளவு. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் திணறத் தொடங்கும். சாக்கடையோடு வரும் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. கருவி இல்லாத பள்ளியும் இதை ஓரளவு அறியலாம். கரைச் சேற்றைக் குச்சியால் கிளறும்போது மெல்லிய சிவப்புப் புழுக்கள் நெளிந்தால், அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின் அந்தப் புழுவின் உடலிலும் இருக்கிறது. அரிதாகக் கிடைக்கும் ஆக்சிஜனை அது பற்றி வைத்துக்கொள்கிறது. புழுவின் சிவப்பு நிறம் அதனால் வந்ததே. இந்தப் புழுக்களைத் தேடி இளஞ்சிவப்புக் கால்களுடைய நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக வரும். பறவை நிறைய இருப்பதாலேயே நீர் நல்ல நீர் என்று சொல்லிவிட முடியாது.

அலையாத்தி மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில்கள் போல நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றில் புதைந்த வேர்களுக்கு அவை வழியே காற்று போகிறது. வெயில் ஏறிய பிறகு இலையைத் தடவினால் நறநறவென்று உப்பு விரலில் ஒட்டும். மரம் தனக்கு வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. மூச்சுவேர்கள் மேல் பிளாஸ்டிக் தாளும் மண்ணும் மூடினால் மரம் மூச்சுத் திணறிப் பட்டுப்போகும்.

உப்பங்கழியைக் காப்பது என்றதும் பலருக்கு மரக்கன்று நடுவதுதான் நினைவுக்கு வரும். எல்லா இடத்திலும் நடுவது நல்லதல்ல. வெறும் சேறாகத் தெரியும் திட்டுகள்தான் உள்ளான்கள் இரை தேடும் தரை; அங்கே அலையாத்தியை நட்டு அடைத்தால் அவை வேறிடம் போக வேண்டியதுதான். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று குறிப்பெடுப்பதே பள்ளி செய்யக்கூடிய பெரிய வேலை: ஏற்ற நிலை, நீரின் நிறமும் மணமும், கயிற்றில் இறக்கிய வெள்ளைத் தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்பது, பறவைகளின் வகை, கரையில் ஒதுங்கிய குப்பையின் வகை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அவற்றில் எவை இன்னும் கரை ஒதுங்குகின்றன என்பதைத் தனியே எழுதுவது நல்லது. வறண்ட நாளிலும் ஒரு மழைநீர் வடிகாலிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தால் அதில் யாரோ கழிவுநீரைக் கலக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இடம், நாள், படம் மூன்றும் சேர்த்து ஆசிரியர் வழியாக மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் எழுதலாம்.

கரைக்குப் போவது எப்போதும் பெரியவர்களுடன், வற்ற வேளையில். கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். உடலில் காயம் இருந்தால் நீரில் இறங்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். திரும்பியதும் எதையும் சாப்பிடுவதற்கு முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.