ஒன்ராறியோவின் சுழல்காற்றுகள்



சூறாவளி என்றதும் உங்கள் பெற்றோர் பலருக்கு 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு நினைவுக்கு வரும். அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அது கடலிலே பிறந்து, நாட்கணக்கில் வளர்ந்து, ஒரு மாவட்டத்தையே மூடிய புயல். இங்கு 'டொர்னேடோ' எனப்படும் சுழல்காற்றோ தரையின் மேல், இடிமுகிலின் அடியில், சில நிமிடங்களில் உருவாவது. அது செல்லும் பாதை ஒடுக்கமானது. வீதியின் ஒரு பக்கத்து வீடுகள் கூரையிழந்து நிற்க, மறுபக்கத்தில் பூச்சாடியும் அசையாதிருப்பதுண்டு.

தெற்கிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்று குளிர்காற்றைச் சந்தித்து விரைந்து மேலெழுகின்றது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுபடும்போது, மேலெழும் காற்று சுழலத் தொடங்குகின்றது. ஹியூரன், ஈரி ஏரிகளின் காற்றும் இதற்குத் துணைபோவதுண்டு. ஆகவே கோடைகாலப் பிற்பகல்களிலேயே பெரிதும் அவதானம் வேண்டும்.

1946 ஜூன் 17இல் வின்சர் நகரில் 17 பேர் மாண்டனர். அதே நகரில் 1974 ஏப்ரல் 3ஆம் நாள் ஒரு விளையாட்டரங்கு தாக்கப்பட்டு ஒன்பது பேர் இறந்தனர். சட்பரியில் 1970 ஓகஸ்ட் 20ஆம் நாள் இறந்தோர் அறுவர்.

எனினும் இம்மாகாணத்தவர் மறவாத நாள் 1985 மே 31, வெள்ளிக்கிழமை. அன்று மாலை ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள பாரி நகரில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். கிராண்ட் வலியிலிருந்து ரொட்டன்ஹாம் வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிய இன்னொரு சுழல்காற்று நால்வரைக் கொன்றது. பாரியில் முன்னரே மின்சாரம் தடைப்பட்டதால் தொழிலாளர் பலர் நேரத்துடன் வீடு திரும்பியிருந்தனர். இல்லையேல் இழப்பு இன்னும் பெருகியிருக்கும்.

"பாரி எங்கே, ரெக்ஸ்டேல் எங்கே!" என்று எண்ண வேண்டாம். 2009 ஓகஸ்ட் 20ஆம் நாள் தென் ஒன்ராறியோவிற் பல சுழல்காற்றுகள் வீசின. அவற்றுள் ஒன்று, ஸ்டீல்ஸ் வீதிக்கு அப்பால் நமக்கு அயலூரான வூட்பிரிட்ஜில் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அதே நாளில் டேரம் என்னும் ஊரருகே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் பலியானான். 2011 ஓகஸ்ட் 21இல் கொட்ரிச் நகரில் உப்புச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

பெற்றோரே, முகில் சுழல்வதைக் காணப் பல்கனிக்குச் செல்லும் ஆசை நம்மிற் பலருக்கு உண்டு. அதனைத் தவிருங்கள். தனிவீட்டில் இருப்போர் நிலக்கீழ் அறைக்கு இறங்க வேண்டும். மாடிக்குடியிருப்பில் இருப்போர் யன்னலில்லாத குளியலறைக்கோ நடைகூடத்துக்கோ செல்ல வேண்டும். மின்தூக்கியை நம்பலாகாது.

2018 முதல் அபாய எச்சரிக்கை கைத்தொலைபேசிகளிலும் ஒலிக்கின்றது. ஆனால் அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே வரும். மாணவர்களே, வீட்டில் அம்மம்மா தனியே இருந்தால் அதனைத் தமிழிற் சொல்லவேண்டியவர் நீங்களே: "அம்மம்மா, சுழல்காற்று வருகுதாம், யன்னலடியை விட்டு உள்ளுக்கு வாங்கோ."