ஆண்களை எழுதப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

உன் நாவலின் அத்தியாயங்களைப் படித்தேன். நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் மணிமங்கலம் வந்து இறங்கியதும் உலை வைக்க ஓடும் உன் நாயகி கண்முன் நிற்கிறாள். அவள் கணவன்தான் நிற்கவில்லை. குடிக்கிறான், அடிக்கிறான், ஓடிப்போகிறான். அப்படிப்பட்டவர்கள் உண்டுதான். ஆனால் அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று நீ பார்க்கவே இல்லை.

விக்டோரியா மகாராணி காலத்தில் எழுதிய பெண்கள் அதைப் பார்த்தார்கள். நம் சென்னையில் வாழ்ந்த கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் எழுதிய ‘கமலா’ 1894இல் வெளிவந்தது. கமலாவின் கணவன் கணேஷ் படித்தவன். மனைவிக்கும் படிப்புச் சொல்லித்தர ஆசைப்படுகிறான். வீட்டார் முகம் சுளித்ததும் பின்வாங்குகிறான். கிருபாபாய் அவனை அரக்கனாக்கவில்லை. அவனுடைய கோழைத்தனம் தெரியத் தெரிய, கமலாவுக்கு அவன் இழைக்கும் தீங்கு இன்னும் உறைக்கிறது.

மான்செஸ்டரில் வாழ்ந்த எலிசபெத் கேஸ்கலின் ‘நார்த் அண்ட் சவுத்’ (1855) உன் ஊருக்கு இன்னும் நெருக்கம். பஞ்சாலை வேலைநிறுத்தம் தோற்றபின் சங்கத்துக்காரன் ஹிக்கின்ஸுக்கு வேலை தருவாரில்லை. செத்துப்போன கூட்டாளியின் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். எதிர்த்து நின்ற முதலாளி தார்ன்டனிடமே வேலை கேட்க ஐந்து மணி நேரம் காத்து நிற்கிறான். தார்ன்டன் கடிந்து பேசி அனுப்பிவிடுகிறான். ஹிக்கின்ஸ் காத்து நின்ற நேரம் பிறகு தெரியவரவும், தானே அவன் வீடு தேடிப் போய் வேலை தருகிறான். இருவர் வீறாப்பும் இறங்குகிற அந்த இடத்தில்தான் அவர்களை நமக்கு முழுசாகத் தெரிகிறது.

உன்னைச் சுற்றியும் இது நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014இல் மூடியது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது வீட்டுக்குள் ஆண்கள் எப்படி இருந்தார்கள் என்று விசாரி. பைக் இ.எம்.ஐ. தேதி நெருங்க, மனைவியின் சம்பளத்தைக் கேட்க வாய் வராமல், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிறவனைக் கவனி.

உன் நாயகி வந்து இறங்கும் அதே மணிமங்கலத்தில் சாளுக்கிய மன்னன் புலிகேசியை நரசிம்மவர்மப் பல்லவன் வென்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. வென்ற மன்னனுக்குச் செப்பேடு இருக்கிறது. காண்ட்ராக்ட் முடிந்து வீடு திரும்புகிறவனுக்கு உன் நாவல்தான் இருக்கிறது. அடுத்த அத்தியாயத்தை அவன் பக்கத்தில் நின்று எழுது. அவன் அடித்த அடியை மறைக்காதே; அந்தக் கை ஓங்குவதற்கு முந்தைய நிமிடத்தையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா